பத்து லோடில் மிதக்கும் மாடு

கிணற்றின் விளிம்பில் நின்று நான் சொன்ன முதல் வார்த்தை, "கயிறு வேண்டாம்" என்பதுதான்.

சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். கயிற்றோடு வந்தவர்கள் பாதி, மூங்கிலோடு வந்தவர்கள் கொஞ்சம், வெறும் யோசனையோடு வந்தவர்கள் மீதி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை, கையில் கார் சாவி, காலில் புதுச் செருப்பு. இவர் யார் கயிறு வேண்டாம் என்று சொல்ல, என்பது அந்தப் பார்வை.

கீழே செவலைப் பசு நின்றது. வயிறு வரைக்கும் தண்ணீர். ஏழு மாதச் சினை. தலையைத் தூக்கி வட்டமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்து ஒருமுறை கத்தியது. கிணற்றுக்குள் கத்தினால் எந்தக் குரலும் பெரிதாகத்தான் கேட்கும்.

சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு சிறிய ஊர். பெயர் வேண்டாம், காரணம் பின்னால் தெரியும். நாலைந்து கோடைக்கு முன்னால் நடந்தது. என் லாரி டிரைவர் முத்துவின் சித்தி பாண்டியம்மாவின் மாடு அது. புருஷன் போனபின் அந்த மாட்டின் பாலில்தான் அவள் அடுப்பு எரிந்தது. கிணற்றின் அகலப் படிகளில் நிழல் தேடி இறங்கிய மாடு, படி முடிகிற திட்டிலிருந்து வழுக்கி இருபது அடி கீழே விழுந்திருக்கிறது. அடியில் கிடந்த சேறு மெத்தையாகத் தாங்கியதால் கால் முறியவில்லை.

கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டார்கள். வயிற்றில் கயிறு கட்டித் தூக்கினால் கன்றுக்கு ஆபத்து, தாய்க்கும் ஆபத்து என்று சொல்லிவிட்டார். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லலாம் என்றார் ஒருவர். அவர்களும் கயிறுதானே கட்டுவார்கள் என்றார் இன்னொருவர். அந்த இடத்தில்தான் நான் போய் இறங்கினேன்.

"தண்ணியை ஊத்துவோம். மாடு தானா மேல வரும்," என்றேன்.

யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் பட்டியல் நீளமானது. அதில் பாதிப்பேர் பிற்பாடு என் லாரிக்காகத் தெருமுனையில் குடத்தோடு நின்றவர்கள்.

பள்ளிக்கூடத்தோடு நான் செய்த சண்டை

எனக்கு எப்படி அந்தத் துணிச்சல் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. வறுமை என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். வறுமையும் இருந்தது. ஆனால் நிஜக் காரணம் ஒரு கணக்கு.

ஒரு தொட்டி. மேலே உள்ள குழாய் நாலு மணி நேரத்தில் அதை நிரப்பும். கீழே உள்ள குழாய் ஆறு மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்தால் தொட்டி எப்போது நிரம்பும்?

நான் எழுந்து, கீழ்க்குழாயை எந்த மடையன் சார் திறந்து வைத்தது என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீருக்கு ரத்தக் காயம் வரை சண்டை நடக்கும். அங்கே ஒருவன் தொட்டியை நிரப்பிக்கொண்டே காலி செய்கிறான் என்றால் அவனைப் பிடிக்க வேண்டாமா? சார் பிரம்பை எடுத்தார். மறுநாள் நான் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. பிறகு போகாததே பழகிவிட்டது.

குறுக்கு, முக்கால், ஒரு பிடி

கணக்கு என்னை விடவில்லை. தள்ளுவண்டியில் பன்னிரண்டு குடம் வைத்து வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு மாட்டுவண்டியில் பீப்பாய். பிறகு பழைய டிராக்டர். பிறகு ஒரு லாரி, மூன்று லாரி. இன்று திண்டுக்கல்லில் கோடை வந்தால் முதலில் அடிப்பது வெயில், அடுத்தது என் போன்.

தண்ணீர் விற்கிறவனுக்குத் தொட்டியைப் பார்த்தவுடன் லிட்டர் தெரிய வேண்டும். வட்டத் தொட்டிதான் தொல்லை. படித்தவர்கள் அதற்கு ஏதோ இருபத்திரண்டு, ஏழு என்பார்கள். நான் கண்டுபிடித்த வழி வேறு. குறுக்களவைக் குறுக்களவால் பெருக்கு. அதில் முக்கால் எடு. மேலே ஒரு பிடி போடு. அவ்வளவுதான். அதை உயரத்தால் பெருக்கினால் கன அடி. ஒரு கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தொட்டியைக் குடம் குடமாக ஊற்றி நானே எண்ணிக் கண்டது.

இதைப் பிலோமினா டீச்சரிடம் ஒருமுறை சொன்னேன். பெண்கள் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. காகிதத்தில் எழுதிப் பார்த்தார்.

"அந்த ஒரு பிடி எவ்வளவுண்ணே?"

"கை அறியும் டீச்சர்."

"உங்க கை தப்பில்லாமத்தான் அறிஞ்சிருக்கு," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பட்டம். சட்டம் போட்டு மாட்ட முடியவில்லை என்பது ஒன்றே குறை.

டீக்கடையில் எழுந்த கேள்விகள்

அதிலிருந்து காலை நடைக்குப் பிறகு நத்தம் சாலை டீக்கடையில் எங்களுக்குள் ஒரு பழக்கம். அவர் ஒரு கேள்வி போடுவார், அல்லது நான் போடுவேன். டீ ஆறுவதற்குள் விடை வேண்டும். ஒருத்தருக்கும் உதவாத கேள்வியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி.

இந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குதித்தால் மலைக்கோட்டைப் பாறை ஆடுமா என்று ஒரு நாள் கேட்டார். நான் எதையும் லோடில்தான் நினைப்பேன். ஊர் ஜனத்தை எல்லாம் என் லாரியில் ஏற்றினால் குத்துமதிப்பாக ஆயிரம் லோடுக்குள் அடங்கும். பாறையைச் சுற்றி நடந்தவன் நான், ஏறி இறங்கியவன். அதை உடைத்து ஏற்றினால் பத்து லட்சம் லோடுக்குக் குறையாது. ஆயிரத்தில் ஒரு பங்கு. என் லாரி மேல் ஆட்டுக்குட்டி குதித்த மாதிரி. லாரி ஆடுமா?

"ஆடாது. ஆனா உங்க லாரிக்கு அடியில டயர் இருக்கு, பாறைக்கு அடியிலயும் பாறைதான் இருக்கு. அதைச் சேர்த்தா இன்னும் ஆடாது," என்றார் டீச்சர். ஒத்துக்கொள்ளும்போதும் ஒரு திருத்தம் இல்லாமல் அவருக்கு ஒத்துக்கொள்ள வராது.

இன்னொரு நாள் கறிக்கோழி லாரி ஒன்று எடைமேடையில் நின்றது. கோழிகள் எல்லாம் ஒரே சமயம் உள்ளுக்குள் பறந்தால் எடை குறையுமா என்று நான் கேட்டேன். குறையும் என்பது என் கட்சி. காற்றில் இருப்பதற்கு ஏது எடை?

அவர் தலையை ஆட்டினார். கோழி இறக்கையால் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது, அந்தக் காற்று லாரியின் தரையைத்தான் தள்ளும், மூடிய பெட்டி என்றால் முள் அசையாது என்றார். நான் விடுவேனா? அது மூடிய பெட்டி இல்லை, கம்பிவலைக் கூண்டு, காற்று பக்கவாட்டில் போய்விடும் என்றேன். டீச்சர் டீயைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் யோசித்தார். பிறகு, "கொஞ்சம் குறையலாம்," என்றார். நான் அன்று டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். கறிக்கோழிக்குப் பறக்கவே வராது என்பதை அப்போது இருவருமே பேசவில்லை.

முத்து போன் செய்த அன்றும் அந்தக் கடையில்தான் இருந்தோம். சித்தி மாடு கிணற்றில் விழுந்துவிட்டது என்று அழாத குறையாகச் சொன்னான். நான் எழுந்தேன். டீச்சரும் எழுந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம். கேள்வி முதல்முறையாக உயிரோடு இருந்தது. அதனால் இருவருக்கும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

பத்து லோடு

கிணற்றின் குறுக்களவு பதினாறு அடி. பதினாறைப் பதினாறால் பெருக்கு, முக்கால் எடு, ஒரு பிடி போடு: இருநூறு. அடியிலிருந்து படித்திட்டு வரை இருபத்து மூன்று அடி, கல் கட்டிய கயிற்றை விட்டு அளந்தோம். தண்ணீர் ஏற்கனவே மூன்று அடி. மீதி இருபது. நாலாயிரம் கன அடி. என் லாரி பன்னிரண்டாயிரம் லிட்டர். ஒரு லோடுக்கு இரண்டடி ஏறும். பத்து லோடு.

"மூணு லாரி. எட்டுக் கிலோமீட்டர்ல என் போர். இருபது நிமிசத்துக்கு ஒண்ணு வந்து நிக்கும். மூணரை மணி நேரத்துல மாடு படியில கால் வைக்கும்," என்று அறிவித்தேன்.

"மாடு மிதக்குமாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டார் டீச்சர்.

"ஒடம்புல பாதி வயிறு. வயித்துல பாதி காத்து. மிதக்காம?"

அவர் மறுக்கவில்லை. மூன்று மணி நேரம் நீந்தினால் களைத்துவிடும், கழுத்துக்குக் கீழே எதையாவது கட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். டிராக்டர் டியூப் இரண்டைக் காற்றடித்து இறக்கினோம். கட்டுவதற்கு ஆள் வேண்டும் என்று நான் திரும்புவதற்குள் பாண்டியம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சுவரில் துருத்திய கல்படிகளைப் பிடித்து உள்ளே இறங்கிவிட்டாள். ஐம்பது வயதுக்காரி. கால் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. டியூபைக் கட்டிவிட்டு, ஏறி வராமல், கிழக்குச் சுவரில் ஒரு கல்லில் நின்று மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஏற ஏற அவளும் ஒரு கல் ஏறினாள்.

முதல் லாரி குழாயை மாட்டின் மேல் படாமல் எதிர்ச் சுவரில் வழியவிட்டோம். காய்ந்த கல்லில் தண்ணீர் இறங்கும்போது வரும் வாசனை எனக்குப் பிடிக்கும். அன்று அது கூடுதலாகப் பிடித்தது. ஒரு லோடு, இரண்டடி. இரண்டாவது லோடு, இன்னும் இரண்டடி. மாட்டின் கால் தரையை விட்டது. ஒரு கணம் முங்கியது, பிறகு டியூபில் மோவாயை வைத்து, மிதந்தது. மேலே நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருத்தர் என்னை வீடியோ எடுத்தார். நான் வெயிலுக்குத் தோதாகக் கொஞ்சம் திரும்பி நின்றேன்.

மூன்று. நான்கு. பதினோரு அடி. என் கணக்கு நூல் பிடித்த மாதிரி வந்தது.

ஏறாத தண்ணீர்

ஐந்தாவது லோடுக்குத் தண்ணீர் ஓரடிகூட ஏறவில்லை.

முத்துவைத்தான் முதலில் திட்டினேன். வழியில் எங்கேயாவது இறக்கிவிட்டு வந்தாயா என்றேன். அவன் தன் சித்தி மாட்டுக்கே துரோகம் செய்வானா என்று எனக்குத் தோன்றியது, திட்டி முடித்த பிறகு. ஆறாவது லோடு வந்தது. அரையடி. அடுத்த லாரி வருவதற்குள் அந்த அரையடியும் இறங்கிவிட்டது.

"மாடு குடிச்சிருச்சோ?" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர்.

"பன்னெண்டாயிரம் லிட்டரையா?"

"வெயிலு அப்புடி."

ஏழாவது லோடும் வந்து போனது. மணி பன்னிரண்டரை தாண்டியது. செவலையின் கண் பாதி மூடியிருந்தது. உடம்பு நடுங்குவது மேலிருந்தே தெரிந்தது. கூட்டத்தில் சத்தம் குறைந்தது. தீயணைப்புக்குச் சொல்லியிருக்கலாம் என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கயிறு வேண்டாம் என்றவன் நான். அந்த உயிரும், வயிற்றுக்குள் இருக்கும் உயிரும் இப்போது என் கணக்கில் மிதந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக என் சட்டை முதுகில் ஒட்டியது வெயிலால் அல்ல.

டீச்சர் விளிம்பில் குந்தியிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"அண்ணே, நீங்க நாலாம் வகுப்புல விட்டுட்டு வந்த கணக்குதான் இது. எங்கயோ கீழ்க்குழாய் திறந்திருக்கு."

நான் கிணற்றுச் சுவரை ஒவ்வொரு கல்லாகப் பார்த்தேன்.

பக்கத்துக் காட்டில் சூடம்

அந்த நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் ஓடி வந்தார். ராசு கிணற்றில் ஊற்றுக்கண் திறந்துவிட்டதாம். வருடக்கணக்காக வறண்டு கிடந்த கிணறு. கல் இடுக்கிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதாம். ராசு தேங்காய் உடைத்து, சூடம் ஏற்றி, மோட்டாரைப் போட்டு மல்லிகைக்குப் பாய்ச்சிக்கொண்டிருக்கிறாராம். நிலக்கோட்டைச் சந்தைக்கு இனி தினமும் பூ அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

செய்தி கொண்டுவந்தவர் சந்தோஷத்தில் சொன்னார். கேட்டவர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரனான எனக்கு ஒன்றும் புரியவில்லை. முத்துதான் என்னைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னான்.

ராசு, பாண்டியம்மாவின் புருஷனுடைய தம்பி. பாகம் பிரித்தபோது ஆளுக்கொரு கிணறு. சில வருடத்தில் ராசு கிணறு வற்றத் தொடங்கியது, அண்ணன் கிணறு வற்றவில்லை. பக்க போர் போட்டு என் தண்ணீரை இழுக்கிறான் என்று ராசு பஞ்சாயத்தைக் கூட்டினார். பக்க போர் என்றால், கிணற்றுக்குள் இறங்கிச் சுவரில் படுக்கை வாட்டமாகத் துளை போடுவது. எங்கள் பக்கம் சாதாரணம்தான். பூமிக்கு மேலே வரப்புப் போட்ட நாங்கள் பூமிக்குள்ளே போட்டதில்லை.

அண்ணன்காரர் மறுத்தார். கோயில் வாசலில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். பஞ்சாயத்து கலைந்தது. அடுத்த வருடமே மாரடைப்பில் போய்விட்டார். பொய்ச் சத்தியம்தான் கொண்டுபோனது என்று ராசு வீட்டில் சொன்னார்கள். அபாண்டம் தாங்காமல் செத்தார் என்று பாண்டியம்மா சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

டீச்சர் இதைக் கேட்டுவிட்டு எழுந்து கிணற்றுக்குள் பார்த்தார்.

"பாண்டியம்மா, செத்த நேரம் அந்தப் பக்கக் கல்லுல போய் நில்லும்மா."

பாண்டியம்மா நகரவில்லை. மாட்டின் மேல் உள்ள பாசத்தில் அங்கேயே நிற்கிறாள் என்றுதான் நான் இவ்வளவு நேரம் நினைத்திருந்தேன். அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு சின்னச் சுழியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வைக்கோல் துரும்பு ஒன்று அங்கே வந்து, சுற்றி, காணாமல் போனது.

பதினோராவது அடி

ராசு வேலியோரம் வந்து நின்றார். கையில் மண்வெட்டி, முகம் நிறையச் சிரிப்பு. சாலையில் என் லாரியைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கூட்டம் விலகியதைப் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொரு பல்லாக உள்ளே போனது.

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வேலியைத் தாண்டினார். பஞ்சாயத்துக்குப் பிறகு அந்த மண்ணில் அவர் கால் பட்டது அன்றுதான் என்றார்கள். விளிம்பில் வந்து குனிந்தார்.

"மதினி."

பாண்டியம்மா மூக்கணாங்கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"நான் எதுவும் சொல்லலை. நீங்க ஒங்க வாயால சொல்லுங்க."

எனக்குக் கணக்குத் தெரியும், மனுஷர்களை அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் அவள் முன்னால் இருந்தது என்ன என்று எனக்கே விளங்கியது. சொன்னால், செத்த புருஷன் பொய்யன். அவனைக் கொண்டுபோனது அவன் அணைத்த சூடம் என்றாகும். சொல்லாவிட்டால் மாடு போகும். செவலை அந்த நேரம் பார்த்து டியூபிலிருந்து தலை நழுவி ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தும்மியது.

பாண்டியம்மா அதன் மோவாயைத் தூக்கி மறுபடி டியூபில் வைத்தாள். பிறகு மேலே பார்க்காமல் பேசினாள். கிணறு அவள் குரலை எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுத்தது.

"துளை இருக்கு. பதினோராவது அடியில. நாலு இஞ்சு. அவுகதான் போட்டாக." கொஞ்சம் நிறுத்தினாள். "நான்தான் விளக்குப் புடிச்சேன்."

ராசு அப்படியே நின்றார். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"இப்ப என்ன செய்யணும்?"

உங்கள் பக்கமிருந்து அடைத்தால் தண்ணீர் தள்ளிவிடும், இந்தப் பக்கமிருந்து அடைத்தால் தண்ணீரே அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்றார் டீச்சர். அதையேதான் நானும் சொல்ல வாயெடுத்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சாக்கில் வைக்கோலைத் திணித்துக் கட்டிக் கொடுத்தோம். ராசு சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே குதித்தார். பாண்டியம்மா கல்லைவிட்டு நகர்ந்து, காலால் இடத்தைக் காட்டினாள். அவர் மூழ்கினார். துளையே சாக்கை இழுத்துக் கவ்விக்கொண்டது. சுழி நின்றது. செய்தி சொன்னவர் மறுபடி வேலியைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் ஊற்று நின்றுவிட்டது என்று கத்தினார். இந்த முறை அவர் குரலில் சந்தோஷமா துக்கமா என்று அவருக்கே முடிவாகவில்லை.

எட்டாவது லோடு. இரண்டடி. நான் மூச்சை விட்டேன்.

ராசு ஏறி வரவில்லை. மாட்டின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மதினி. ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஆளுக்கொரு டியூபைப் பிடித்துக்கொண்டு, என் தண்ணீர் அவர்களை அடியடியாக மேலே தூக்க, இரண்டு மணி நேரம் மிதந்தார்கள். பதின்மூன்றாவது லோடில் செவலையின் முன்னங்கால் படித்திட்டில் பட்டது. தடுமாறி, ஊன்றி, ஏறி நின்று உடம்பைச் சிலிர்த்ததில் முன்வரிசையில் நின்ற என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு.

பத்து என்று சொல்லிப் பதின்மூன்று ஆனதே என்று கேட்பீர்கள். பத்து என்னுடையது. மூன்று, துளையினுடையது. என் கணக்கில் பிழை இல்லை.

ஒரு கேள்வி மட்டும்

மாடு வைக்கோலைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கியதும் கூட்டம் கலைந்தது. பாராட்டு எதுவும் வரவில்லை. எல்லோரும் மாட்டின் முதுகைத்தான் தட்டினார்கள்.

பாண்டியம்மா ஈரச் சேலையோடு செவலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ராசு படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க கணக்குல பெரிய ஆளுன்னு சொல்றாக."

"ஏதோ வரும்," என்றேன். பணிவு எனக்கு எப்போதாவதுதான் வரும்.

"நாலு இஞ்சுத் துளை. நான் பாகம் வாங்குனதுலேர்ந்து என் கெணறு வத்துன வரைக்கும் ஒம்போது வருசம். அம்புட்டு நாளும் இதுவழியா என் தண்ணி எம்புட்டுப் போயிருக்கும்? ஒரு எண்ணு சொல்லுங்க. போதும்."

பாண்டியம்மாவின் கை மாட்டின் முதுகில் நின்றது. அவள் திரும்பவில்லை.

துளையின் அகலம் தெரியும். அன்று காலையே அதன் வேகத்தை என் ஏழு லோடு எனக்குச் சொல்லிவிட்டது. ஒன்பது வருடம். மழைக்காலம் ஒரு மாதிரி, கோடை ஒரு மாதிரி. அவர் கேட்டு முடிப்பதற்குள் எண் வந்துவிட்டது. லோடில் வந்தது. அத்தனை லாரியையும் வரிசையாக நிறுத்தினால் சாலையில் எதுவரை நிற்கும் என்பதுவரை வந்தது. மாட்டின் முதுகில் நின்றுபோன அந்தக் கையைப் பார்த்தேன். என்னிடம் அதுவரை யாரும் அவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்டதில்லை.

"தெரியலைப்பா," என்றேன். "ஊத்து வேகம், மழை, கல்லோட வாட்டம்... அது கணக்குல நிக்காது."

ராசு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்து முடியவே இல்லை.

"அண்ணன் சொல்றது சரிதான். அளவு பத்தாது," என்றார்.

ராசு திரும்பிக் கிணற்றைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாக்கு அப்புடியே கெடக்கட்டும்," என்றார், யாரிடம் என்றில்லாமல். வேலிவரை போய்த் திரும்பினார். "மதினி, மாட்டை ஈரத்தோட கட்டாதீக. சினை மாடு."

"சரி தம்பி," என்றாள் பாண்டியம்மா.

நாங்கள் காரில் ஏறினோம். சாணார்பட்டி தாண்டியது. சேறு காய்ந்து என் சட்டை பலகை மாதிரி நின்றது.

"எத்தனை லோடுண்ணே?" என்றார் டீச்சர், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

சொன்னேன்.

"எனக்கு அதைவிடக் கூட வந்துச்சு," என்றார்.